முதல் இழை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் தறிச்சத்தம் கேட்கவில்லை என்றால் இரண்டு காரணம்தான் இருக்கும். வேலை இல்லாமல் போயிருக்கும், அல்லது பாவு பிணைத்துக்கொண்டிருப்பார்கள். வேலை இல்லாமல் ஓய்ந்த வீடுகள் இப்போது எங்கள் தெருக்களில் நிறைய. நான் சொல்ல வருவது, பாவு பிணைப்பதற்காக ஓய்ந்திருந்த ஒரு வீட்டைப் பற்றி. ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன்.

பெரியப்பா முறை வேண்டும் அவர். மூன்று சேலை அறுத்து முடித்திருந்தார். பழைய பாவின் கடைசி முழம் மட்டும் விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் நுழைந்தபடியே தறியில் இருந்தது. அதை உருவிவிட மாட்டார்கள். புதுப் பாவை அதற்கு எதிரில் கொண்டுவந்து, புது இழை ஒன்றைப் பழைய இழை ஒன்றின் வாலோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்குவார்கள். முடிச்சு கிடையாது, முறுக்குதான். அடுத்த இழை. அதற்கு அடுத்தது. ஆயிரக்கணக்கான இழைகளை இப்படியே பிணைத்து முடித்ததும் மெல்ல இழுத்தால், பழைய இழைகளின் பின்னாலேயே புதியவையும் விழுதையும் அச்சையும் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். பெரியம்மா பிணைத்துக்கொண்டிருந்தார். கண் இழையில் இருந்தாலும் காது வாசல் பக்கம் இருந்தது. அங்கே பேத்தி வயலின் பழகிக்கொண்டிருந்தாள்.

துள்ளலான ஒரு மெட்டு. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான், ஆனால் ஒரு ஸ்வரம்கூட அசையவில்லை, ஒவ்வொன்றும் நேராக வந்து நின்றது. பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏம்மா, இது சாமி பாட்டா, டான்ஸ் பாட்டா?" என்றார்.

"தீட்சிதர் பாட்டு தாத்தா. ஆனா மெட்டு ஸ்காட்லாந்து மெட்டுன்னு டீச்சர் சொன்னாங்க."

"அங்க அதை மொதல்ல போட்டது யாராம்?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துவந்து மாதக்கணக்கில் வைத்திருந்தேன்.

அவள் வாசித்தது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களில் ஒன்று. நோட் என்ற ஆங்கிலச் சொல்லையே நோட்டு என்று ஆக்கி வைத்த பெயர் அது. முப்பதுக்கும் மேற்பட்ட சிறு பாடல்கள், எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை, கமகம் இல்லாதவை. இசை பழகும் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தர ஏற்றவை என்பதால் இன்றும் எத்தனையோ வீட்டு வாசல்களில் கேட்கின்றன. அவற்றில் பலவும் அந்தக் காலத்தில் சென்னையில் புழங்கிய ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சொற்களைப் பொருத்தியவை. 'ஸந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' ஓர் அயர்லாந்து நாட்டு மெட்டு. 'ஜகதீச குருகுஹ' என்ற பாடலை ஆய்வாளர்கள் 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டாக இனம் கண்டிருக்கிறார்கள். பேத்தி வாசித்தது அதைத்தான்.

ரீல் என்பது ஸ்காட்லாந்துக்காரர்கள் ஃபிடிலுக்கு ஆடும் வேகமான ஆட்டம். அந்த லார்ட் மெக்டொனால்ட், ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் ஸ்கை தீவின் குடித்தலைவர்களில் ஒருவர். இசையில் ஈடுபாடு உள்ளவர் என்பதால் மெட்டே அவருடையது என்று சொல்வாரும் உண்டு. ஆனால் அந்த நாட்டு மெட்டுகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். இன்ன பிரபுவின் ரீல், இன்ன சீமாட்டியின் நடனம், இன்ன தளபதியின் அணிவகுப்பு என்றே போகும். பெர்த்ஷயரில் வாழ்ந்த நீல் கௌ (1727–1807) என்ற ஃபிடில் மேதைகூட தன்னை ஆதரித்த பிரபுக்களின் பெயரையும் அவர்கள் வீட்டுப் பெண்களின் பெயரையும் தன் மெட்டுகளுக்குச் சூட்டினார். கௌ போன்ற சிலரின் பெயர் அச்சில் ஏறித் தப்பியது. மற்ற மெட்டுகளில் வாசித்தவன் பெயர் போய்விட்டது, விருந்து வைத்தவன் பெயர் நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தம் ஏற்பட்டதே தவிர ஆச்சரியம் ஏற்படவில்லை. எங்கள் தெருவில் நெய்த சேலை எந்தப் பெயரில் உலகத்துக்குப் போகிறது? பையில் கடைப் பெயர் இருக்கும். பெட்டியில் ஊர்ப் பெயர் இருக்கும். பதினைந்து இருபது நாள் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தவர் பெயரை அதில் எங்கும் காண முடியாது. ஒரு சேலையைப் பார்த்து "இது இன்னார் வீட்டுத் தறி" என்று சொல்லக்கூடியவர்கள் தெருவில் இருக்கிறார்கள். கரையும் உடலும் சேரும் கோர்வையின் பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த அறிவு தெருவோடு நின்றுவிடுகிறது.

ஆகவே பெரியப்பாவின் கேள்விக்குப் பதிலாக ஒரு மனிதனின் பெயரை என்னால் தர முடியவில்லை. பயணத்தைச் சொல்ல முடியும்.

தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை, கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் சென்னைக்குப் பக்கத்திலுள்ள மணலிக்கு அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார், தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசித்த பேண்டு இசையைக் கேட்க அழைத்துப்போனார். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் கற்றார். தோளில் வைத்து வாசிக்கிற வாத்தியம், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவரின் மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சாய்ந்துகொண்டது. தந்திகளின் சுருதியும் மாறி ஸ, ப, ஸ, ப என்று ஆனது. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அண்ணனோ தான் கேட்ட மெட்டுகளுக்குச் சொல் கொடுத்தார்.

எப்படிக் கொடுத்தார் என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. 'பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ்' என்று ஒரு படைநடை மெட்டு உண்டு, வெடிகுண்டு வீசும் சிப்பாய்களின் பெருமையைச் சொல்வது. தீட்சிதர் அந்த மெட்டில் சுப்பிரமணியரைப் பாடியதாக இனம் காட்டுகிறார்கள். தேவசேனாபதிக்குப் படைநடை! மெட்டைக் கேட்ட காது அதன் குணத்தையும் கேட்டிருக்கிறது. சொற்களைத் துணி போல மேலே போர்த்தாமல், அந்த மெட்டு எந்த வேலைக்குப் பிறந்ததோ அந்த வேலையை நம் சாமிகளில் யார் செய்கிறார் என்று தேடியிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

தீட்சிதருக்கு எங்கள் ஊர் அந்நியமில்லை. காஞ்சியில் நான்கு ஆண்டுகள் தங்கி, 108 உபநிடதங்களுக்கும் உரை எழுதிய உபநிஷத் பிரம்மேந்திரரிடம் பாடம் கேட்டார் என்பது வரலாறு. ஏகாம்பரநாதரைப் பிருத்வி லிங்கமாக அவர் பாடிய பைரவி ராகக் கிருதி, 'சிந்தய மாகந்த மூலகந்தம்', கச்சேரி மேடைகளில் நடுநாயகமாக நிற்கிறது. அதே ஏகாம்பரநாதரை 'காஞ்சீசம்' என்று தொடங்கும் ஒரு நோட்டுஸ்வரத்திலும் பாடினார். ஒரே மாமரத்தடிச் சாமிக்கு ஒரு பக்கம் பைரவியின் ஆழம், இன்னொரு பக்கம் கோட்டைப் பேண்டின் துள்ளல். இரண்டில் எது உயர்ந்தது என்று அவர் தரம் பிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் ஒரே பக்தனைத்தான் கேட்கிறேன்.

கோட்டைப் பேண்டுக்கு முன்னாலேயே ஸ்காட்லாந்து ஊதல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அது பாட்டாக வரவில்லை, படையோடு வந்தது.

1780 ஜனவரியில் ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் 73-ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவு சென்னையில் இறங்கியது. அந்த ஆண்டு ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்தபோது, ஸ்காட்லாந்துக்காரரான தளபதி ஹெக்டர் மன்றோ தன் படையோடு காஞ்சிபுரத்தில் முகாமிட்டார். வடக்கிலிருந்து வந்து அவரோடு சேரவேண்டிய கர்னல் வில்லியம் பெய்லியும் ஸ்காட்லாந்துக்காரர்தான். செப்டம்பர் 10 அன்று, காஞ்சியிலிருந்து சில மைல் தொலைவில் புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் பறக்க வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்தன. உதவிக்குக் கிளம்பிய மன்றோ போய்ச் சேரவில்லை. காஞ்சிக்குத் திரும்பி, தன் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பிடிபட்ட பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் ஓவியமாக இன்றும் இருக்கிறது. புள்ளலூரில், அடுத்த ஆண்டு அதே இடத்தில் நடந்த இன்னொரு சண்டையில் செத்த அதிகாரிகளுக்கு நட்ட இரண்டு நினைவுத்தூண்கள் வயல்வெளியில் நிற்கின்றன. அதே ஊரில் மகேந்திர பல்லவன் எதிரிகளை வென்றதாகவும் பெருமை பேசப்படுகிறது. அந்த மண்ணில் எத்தனை முறை ரத்தம் சிந்தியிருக்கிறது!

தோற்ற படையின் ஊதல் மறு ஆண்டே திரும்பக் கேட்டது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைச் சண்டையில், குண்டுமழைக்கு நடுவில் ஓயாமல் பைப் ஊதிய ஒரு ஹைலேண்டரைப் பார்த்து மெய்மறந்த தளபதி அயர் கூட், வெள்ளியில் பைப் செய்துகொள்ள 50 பவுண்டு கொடுத்தார் என்று அந்தப் படைப்பிரிவின் வரலாறு சொல்கிறது. தோல் பையில் காற்றை நிரப்பி அக்குளில் இடுக்கி அமுக்கி ஊதுகிற அந்த வாத்தியம், எங்கள் ஊர் முகாமிலும் ஒரு விடியலில் கேட்டிருக்க வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்த ஒருவர் கையை நிறுத்திக் கேட்டிருப்பார். பயத்தோடுதான் கேட்டிருப்பார். படை வந்த ஊரில் அரிசியும் மிஞ்சாது, தறியும் மிஞ்சாது. அந்தப் பயத்தை மறந்துவிட்டு இசையின் இனிமையை மட்டும் நான் எழுதினால் அது பொய்யாகும்.

ஆனால் ஊதியவன் யார் என்று தேடிப்போனபோது என் கோபம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அந்தப் படையைத் திரட்டிய லார்ட் மெக்லியோட், இளமையில் இங்கிலாந்து அரசனுக்கு எதிராகவே வாளெடுத்தவர். 1746-இல் கலோடன் களத்தில் ஹைலேண்டு மக்களின் எழுச்சி நசுக்கப்பட்டது. அவர்கள் உடைக்கே தடை வந்தது, குடித்தலைமை முறை குலைந்தது, பின்னால் நிலத்தை ஆட்டுப்பண்ணையாக்க ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள். பிழைக்க வழியில்லாத பிள்ளைகள், தங்களைத் தோற்கடித்த அரசனின் சிப்பாய்களாகவே கப்பலேறினார்கள். நாட்டில் மறுக்கப்பட்ட உடையைப் படைக்குள் மட்டும் உடுத்த முடிந்தது. எங்கள் ஊரில் பைப் ஊதியவன், ஊர் குலைந்துபோன ஒரு வீட்டின் மகன். அவன் நமக்குச் செய்த கேட்டை இது குறைக்காது. அவன் ஊதிய மெட்டில் ஏன் அத்தனை ஏக்கம் என்பதை மட்டும் சொல்லும்.

அந்த மெட்டுகளை அவன் எங்கே கற்றான்? ஏட்டில் கற்கவில்லை. ஸ்கை தீவில் மெக்லியோட் குடித்தலைவர்களுக்குப் பரம்பரையாக பைப் ஊதிய மெக்ரிமன் குடும்பத்தார் போன்றவர்கள் வாயால் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஓர் அசை உண்டு. அந்த அசைகளைப் பாடிப் பாடி மனப்பாடம் செய்த பிறகுதான் வாத்தியம் கைக்கு வரும். நம் சொற்கட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அங்கேயும் குரு எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்ல, சிஷ்யன் திருப்பிச் சொன்னான். அவர்களின் பெரிய உருப்படிகளில் முதலில் ஒரு நிலையான மெட்டு வரும், பிறகு அதையே மேலும் மேலும் அலங்கரித்துப்போய், கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவார்கள். அந்த முதல் மெட்டுக்கு அவர்கள் மொழியில் தரை என்று பெயர். சங்கதி மேல் சங்கதியாக ஒரு பல்லவியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தத் தரை காலுக்குப் பழக்கமான தரையாகவே இருக்கும்.

ஹைலேண்டு பைப் இசையின் இலக்கணத்தை முதன்முதலில் எழுதி வைத்தவர் ஜோசப் மெக்டொனால்ட் என்ற இளைஞர். 1760-இல் கம்பெனி வேலைக்காக இந்தியாவுக்குப் புறப்பட்டார், 1763-இல் இருபத்து நான்கு வயதில் இங்கேயே காய்ச்சலில் இறந்தார். அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி வங்காளத்தில் கிடைத்து, ஊருக்குத் திரும்பி, 1803-இல் அவர் அண்ணனால் அச்சேறியது. மலைநாட்டு பைப் இலக்கணத்தின் முதல் நூல் ஊருக்குத் திரும்பிய வழி வங்காளம். ஊரை விட்டுப் போகிறவனுக்குத்தான் எதை எழுதி வைக்கவேண்டும் என்று தெரிகிறதோ என்னவோ.

அந்த ஊதல் இந்த ஊர்க் காதுக்கு முற்றிலும் புதிதும் அல்ல. பைப்பில் மெட்டு ஒரு குழலில் நடக்க, மற்ற மூன்று குழல்கள் ஒரே சுருதியை விடாமல் பிடித்து நிற்கும். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒத்துக்காரர் செய்வது அதே வேலை. தோல் பையில் காற்றடைத்துச் சுருதி பிடிக்கும் துத்தி என்ற வாத்தியம் சதிராட்டத்தில் கூடவே ஒலித்து, பிறகு சுருதிப்பெட்டிக்கு இடம் விட்டுப் போனது. வரதராஜர் கருட சேவையில் நாகஸ்வரம் முழங்க நிற்கும்போதெல்லாம் என் கண் ஒத்துக்காரரைத்தான் தேடும். விடியவிடிய ஒரே ஸ்வரம். அவர் நிறுத்தினால் மற்றவருக்கு நிற்க இடம் இல்லை.

இனி மாங்காய். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

எங்கள் சேலையின் முந்தியில் வரும் மாங்காய்ப் புட்டாவை உலகச் சந்தையில் என்ன பெயர் சொல்லி விற்கிறார்கள்? பெய்ஸ்லி. அது ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு நெசவாளர் ஊரின் பெயர். காஷ்மீர் சால்வைகள் ஐரோப்பாவுக்குப் போய் விலை எகிறியபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர் நெசவாளர்கள் அவற்றைப் பார்த்து நெய்தார்கள். நெய்து நெய்து அந்த உருவத்துக்கே தங்கள் ஊர்ப் பெயரை ஒட்ட வைத்துவிட்டார்கள். ஒரே மாமரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட ஊரில் பிறந்த எனக்கு இதை முதலில் கேட்டபோது சுரீரென்றது. நம் மாங்காய்க்கு அவர்கள் ஊர்ப் பெயரா?

அடுத்த மூச்சிலேயே வேறொன்று உறைத்தது. அந்த உருவம் காஷ்மீருக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அது மாங்காய்கூட இல்லை. நாம்தான் அதை மாங்காய் ஆக்கினோம். அவர்கள் நாட்டு ஆட்ட மெட்டை நாம் நம் சாமிக்கு முன் நிறுத்தினோம், நாம் மாங்காய் என்று அழைத்ததை அவர்கள் தங்கள் ஊராக்கினார்கள். லார்ட் மெக்டொனால்டின் அதே ரீல் கடல் கடந்து அமெரிக்கக் கிராமங்களுக்கும் போய், அங்கே 'தோல் கால்சட்டை' என்ற பொருளில் ஒரு பெயரோடு இன்றும் வாசிக்கப்படுகிறது. ஒரு கிளை தோல் கால்சட்டை, ஒரு கிளை தீட்சிதரின் குருகுஹ முத்திரை. இரண்டு வீட்டிலும் அதைத் தம் பாட்டு என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வீடும் சொல்வது உண்மை.

பெரியப்பாவின் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி 1804-இல் பிரான்சின் லியோனில் ஜக்கார்டு என்பவர் செய்த யோசனை. அது வருவதற்கு முன் இங்கே நூலைக் கட்டி உருவம் எடுக்கும் அடை இருந்தது. இப்போது அட்டையில் ஓட்டை. இழை இழையாக எண்ணிப் பார்த்தால் காஞ்சிபுரம் சேலையில் காஞ்சிபுரத்தில் பிறந்தது எது? ஆனாலும் அது காஞ்சிபுரம் சேலைதான். 2005-இல் புவிசார் குறியீடு கிடைப்பதற்குப் பல தலைமுறை முன்பே அப்படித்தான். இந்த ஊருக்கு வந்து சேர்ந்த இழைகளை இந்த ஊர்க் கை சேர்த்த விதம்தான் காஞ்சிபுரம்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்த கம்பளித் துணியை நனைத்து, பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து, தாளத்துக்கு அடித்து அடித்து இறுக்குவார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் சேர்ந்து எடுப்பார்கள். போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த வழக்கம் இருந்தது. அந்தத் துணிப்பாட்டு மெட்டுகளில் சில ஃபிடிலுக்கும் பைப்புக்கும் ஏறின. யார் முதலில் பாடியது? துணி இறுகும்வரை பாட வேண்டியிருந்தது, ஆகவே பாடினார்கள். வரி தீர்ந்தபோது ஒருத்தி சேர்த்தாள். அவர்கள் நாட்டுக் கவி ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796), தீட்சிதரின் காலத்தவர், ஊர் ஊராக இப்படிப்பட்ட மெட்டுகளைக் கேட்டுச் சேர்த்து, சொல் தேய்ந்தவற்றுக்குப் புதுச் சொல் கொடுத்தார். எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 600 பாடல்கள், அவற்றில் பர்ன்ஸின் கை பட்டவை ஏராளம். அவர் கூலி வாங்கவில்லை. ஒருவர் பனி பெய்யும் ஊரில் உழவர் மகன், ஒருவர் திருவாரூரில் வீணை வாசித்த ஸ்ரீவித்யா உபாசகர். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை. பெயர் தெரியாதவர்கள் விட்டுப்போன மெட்டின் வாலைப் பிடித்து அதில் தங்கள் இழையை முறுக்கினார்கள். இருவர் செய்ததும் ஒரே காரியம்.

இதையெல்லாம் ஒருநாள் பெரியப்பாவிடம் சொன்னேன். சண்டை வரை பொறுமையாகக் கேட்டார். முடிவில், "அப்ப மொதல்ல போட்டது யாருன்னு தெரியலன்றியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் தறியைக் காட்டினார். "இதுல மொதப் பாவு ஓட்டினது யாருன்னு எனக்கும் தெரியாதுப்பா. எனக்கு நினைவு தெரிஞ்சு எல்லாம் பிணைச்ச பாவுதான். எங்க அப்பாருக்கும் அப்படித்தான்."

"அச்சு மாத்தினா புதுசா கோத்துத்தானே ஆகணும்?" என்று கேட்டேன்.

"ஆமா, இழை புதுசு. கோக்கிற கையை எவன் புதுசா செஞ்சான்?"

பிறகு அவர் சொன்ன இன்னொரு விஷயம் இவ்வளவு வருஷமாக என் கண்முன் இருந்தும் நான் கவனிக்காதது. பிணைத்த இடம் எந்தச் சேலையிலும் வராது. முறுக்கிய இழைகள் அச்சைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் நெய்து சமன் ஆன பிறகுதான் சேலை தொடங்கும். அந்தக் கொஞ்சத்தை அறுத்துத் தள்ளிவிடுவார்கள். உடுத்துகிறவர்கள் பார்ப்பதெல்லாம் குறையில்லாத தொடக்கம். பழைய பாவு ஒன்று இருந்தது, இரண்டு நாள் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து அதன் வாலில் இதைச் சேர்த்தாள் என்பது விற்பனைக்கு வருவதில்லை.

நாம் ஒரு பாட்டின் மூலத்தைத் தேடும்போதும் சேலையின் முதல் அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு பிரபுவின் பெயரோ, ஒரு மகானின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ பளிச்சென்று இருக்கும். பாட்டு உண்மையில் பிறந்தது அதற்கு முன்னால், அறுத்துத் தள்ளிய அந்தச் சாண் துணியில். அப்படிப் பிறந்தது ஒரே ஒரு முறையும் அல்ல. மெக்ரிமன் வீட்டுப் பையன் வாயால் திருப்பிச் சொன்னபோது, கோட்டை வாசலில் தீட்சிதர் நின்று கேட்டபோது, பாலுசுவாமி வயலினைத் தரையில் இறக்கியபோது என்று ஒவ்வொரு பிணைப்பிலும் அது பிறந்திருக்கிறது. பிணைக்க ஒருவர் இல்லாத அன்று, எத்தனை பழைய பெருமை இருந்தாலும், அது வெறும் வால்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. எங்கள் தெருவில் எத்தனையோ தறிகளில் பாவின் வால் அப்படியே தொங்கி, பிறகு ஒருநாள் தறியே பிரிந்து மூலைக்குப் போயிருக்கிறது. பெரியப்பாவின் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குழிக்குள் உட்கார்ந்து முதுகு போன பிறகும் பிள்ளையை அதே குழிக்குள் இறக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? ஹைலேண்டு மலையிலும் பாட்டுகள் இப்படித்தான் போயின. மனிதர் போனார்கள், பாட்டும் போயிற்று. கப்பலில் எடுத்துப்போனவை மட்டும் தப்பின. எங்கள் தெருவிலிருந்து போகிறவர்கள் எதை எடுத்துப்போகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பேத்தி வயலின் எடுத்திருக்கிறாள்.

அந்த ஐப்பசியில், பாவு பிணைத்து முடிந்த மறுநாள் காலை அந்த வழியாகப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜக்கார்டு ஏறி இறங்கும் சத்தம், நாடா பாயும் சத்தம், பலகை தட்டும் சத்தம். அதற்கு நடுவில் பெரியப்பா முனகிக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன். பேத்தி வாசித்த மெட்டுதான். சொல் தெரியாது, தன்னன்ன என்றுதான் பாடினார். ரீலின் அந்த ஓட்டம் இல்லை, தறியின் நடைக்கு இறங்கியிருந்தது. மூன்றாவது அடியில் ஒரு ஸ்வரத்தை நீட்டி, சற்று அசைத்து, பிறகு எடுத்தார். முதல் தடவை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் அதே இடத்தில் அதே அசைவு. அந்த இடத்தில் அவர் கை கரை நாடாவை வாங்க வேண்டியிருந்தது.